கூப்பிடாமல் திரும்பக் கூடாது

கடைக்குப் போனால் எனக்கு ஒரு வேலைதான். வெளியே போவது.

பொருளைத் தூக்கிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, குறை சொல்வது, விலை கேட்பது எல்லாம் என் வீட்டுக்காரி. நான் பக்கத்தில் நிற்பேன். அவள் முந்தானையை ஒரு இழு இழுத்து இடுப்பில் செருகினால் எனக்கு அடையாளம். "வேண்டாம், வா" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வேகமாகவும் போகக் கூடாது. கோபம் இருக்கிறது, அவசரம் இல்லை என்கிற மாதிரி போக வேண்டும். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிடுவார். "அண்ணாச்சி, என்ன கோவம், வாங்க." அப்போது நிற்கணும். உடனே திரும்பக் கூடாது. இன்னொரு தடவை கூப்பிட்டால் திரும்பலாம்.

கல்யாணமான புதிதில் அவள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தாள். எனக்குச் சுலபமாக வந்தது. நான் சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் போய், காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீழே இறங்கினால் பேச முடியாது. கயிற்றை இழுத்தால் மேலே வா என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. கடையிலும் அப்படியே இருந்துகொண்டேன்.

தப்பும் நடந்திருக்கிறது. ஒரு தடவை குக்கர் வாங்கப் போனோம். அவள் முந்தானையை இழுத்தாள். நான் நடந்தேன். பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. யாரும் கூப்பிட்ட மாதிரி காதில் விழவில்லை. கூப்பிடவில்லை என்றால் நிற்கக் கூடாது. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன். சாயந்தரம் அவள் குக்கரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"ஒங்கள நம்பி ஒரு கடைக்குப் போவ முடியுதா?"

"கூப்பிடல."

"அவன் கூப்பிட்டான், பக்கத்துக் கடைக்காரன் கூப்பிட்டான், எளநி விக்கவன் கூப்பிட்டான். நீங்க திரேஸ்புரத்தப் பாத்துப் போயிக்கிட்டே இருக்கிய."

பாத்திரக் கடை ஒன்றில் எங்களை நன்றாகத் தெரியும். அந்த அண்ணாச்சி நான் உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுவார். "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. அதுக்குள்ள நான் எக்காகிட்ட பேசி முடிச்சிடுதேன்." நான் போய் டீ குடிப்பேன். திரும்பி வரும்போது விலை குறைந்திருக்கும். நல்ல மனுசர்.

இதில் ஒரு சட்டம் உண்டு. கூப்பிடாமல் திரும்பக் கூடாது. திரும்பினால் சொன்ன விலைக்கு வாங்கணும். அன்றைக்கு மட்டும் இல்லை, அந்தக் கடையில் சாகிற வரைக்கும் சொன்ன விலைதான் என்பாள்.

அவள் மீன் விற்கிறாள். விடியக்காலையில் கரையில் ஏலத்தில் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி மாப்பிள்ளையூரணிக்குப் போவாள். வீடு வீடாக விற்பது. பாதிப் பேர் பழைய வாடிக்கை.

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெட்டி போனது. ஆட்டோவில் வந்த ஒருவர் அதன்மேல் சிமெண்டு மூட்டையை வைத்துவிட்டார். மூடி ரெண்டாகப் பிளந்துவிட்டது. கயிறு போட்டுக் கட்டினாள். டேப் ஒட்டினாள். ஈரச் சாக்கைப் போர்த்தினாள். பெட்டியைப் பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஊர் போய்ச் சேருவதற்குள் ஐஸ் பாதி தண்ணியாகிவிடும்.

மீனை ஐஸ் காப்பாற்றும். ஐஸ் போனால் விற்கிறவளுக்கு அவசரம் வந்துவிடும். அந்த அவசரம் வாங்குகிறவர்களுக்கு மூக்கில் தெரியும்.

மாப்பிள்ளையூரணியில் ஒரு டீச்சர் வீடு. அந்த அம்மா மீனை விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கும். ஒருநாள் அமுக்கியது. விரல் பள்ளம் அப்படியே நின்றது. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. என் வீட்டுக்காரி கேட்டில் நின்று, "டீச்சர், வாங்க டீச்சர், ஒங்களுக்குக் கொறச்சுத் தாரேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் இதை மட்டும்தான் சொன்னாள். "இன்னைக்கு நான் கூப்பிட்டேன்."

அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

போதாததற்கு, மோட்டார் பைக்கில் மைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் அதே தெருவில் மீன் விற்க வந்துவிட்டான். அவன் பெட்டி புதுசு. இவள் வாடிக்கையில் சில வீடுகள் அவனிடம் போய்விட்டன.

"தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகு எறங்கட்டும்" என்றாள். "மீன் மலியும். பெட்டி நெறைய கொண்டுட்டுப் போலாம். அன்னைக்கு நல்ல பெட்டி இல்லன்னா தெருவே அவன் பக்கம் போயிரும். அப்புறம் நான் கூவுனாலும் வர மாட்டாவ."

பெட்டி வாங்கப் போனோம். மகளும் வந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு எல்லாம் போனில்தான். செருப்பு, கிளிப்பு, துணி. ஒரு கிளிப்பு வாங்கினால் மீன்பெட்டி அளவு அட்டைப் பெட்டியில் வரும். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "புடிக்கலன்னா வாங்கதுக்கு முன்னாடில்லா சொல்லணும்? வாங்கிட்டுச் சொன்னா எப்படிக் கொறைப்பான்?"

மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. வாசல் பூரா வாளியும் குடமும் தொங்கும். கடை அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்து ஆள். பல வருசப் பழக்கம். அவரிடம் நல்ல பெட்டி இருந்தது. என் வீட்டுக்காரி தட்டினாள். மூடியைத் திறந்து மூடினாள். தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவர் விலை சொன்னார். அவள் நெஞ்சில் கை வைத்தாள். அவர் சிரித்தார். அந்த நேரம் பார்த்து மகள் போனை நீட்டிவிட்டாள்.

"அண்ணாச்சி, இதுல இதவிடக் கம்மியா போட்டிருக்கான்."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்க்கவில்லை.

"காலையிலேர்ந்து வாரவன் எல்லாம் இதத்தான் நீட்டுதான் தாயி. இங்கன வந்து தட்டிப் பாக்கான், தூக்கிப் பாக்கான், போட்டோ புடிக்கான். அப்புறம் அங்கன வாங்குதான். நான் என்ன பொருட்காட்சியா நடத்துதேன்?"

"கோவப்படாதிய அண்ணாச்சி, சின்னப்புள்ள" என்றாள் இவள்.

"கோவம் என்ன எக்கா. கம்மியா இருந்தா அங்கனயே வாங்கிக்கிடுங்க."

இவள் முந்தானையை இழுத்தாள். நான், "வேண்டாம், வா" என்று நடந்தேன்.

பழக்கடை தாண்டினேன். மருந்துக்கடை தாண்டினேன். அங்கே வழக்கமாகக் கூப்பிடுவார்கள். சத்தம் இல்லை. அடியை அடக்கி வைத்தேன். செருப்பில் கல் இருக்கிற மாதிரி ஒரு இடத்தில் நின்று உதறினேன். ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப் வந்துவிட்டது. அதற்கு மேல் போனால் பஸ்சில்தான் ஏற வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவளும் மகளும் வெறுங்கையோடு வந்தார்கள்.

"கூப்பிடலையா?" என்றேன்.

"கூப்பிடல."

ரெண்டு பேரும் கடைப் பக்கம் பார்த்தோம். இத்தனை வருசத்தில் இது முதல் தடவை.

"மனுசனா அவன்" என்றாள்.

அதனால்தான் போனில் வாங்கப் போனது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து மகள் நடுவில் உட்கார்ந்தாள். நாங்கள் ரெண்டு பக்கமும். படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் புல்தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் பெட்டி. பெட்டிக்குள் ஆரஞ்சுக் கலர் பாட்டில்.

"இதுல எத்தன வெளமீன் புடிக்கும்?"

"லிட்டர்லதான் போட்டிருக்கும்மா."

"மீன லிட்டர்ல யாருளா அளப்பா?"

மகள் கீழே தள்ளினாள். வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். "'ரொம்ப நல்ல பெட்டி'ன்னு ஒரு அம்மா போட்டிருக்காங்க."

"அவ மீன் விக்கவளா?"

"டூர் போறவங்கம்மா."

"டூர் போறவளுக்கு ஐஸ் உருகுனா குடிக்க கலரு சூடா இருக்கும். எனக்கு உருகுனா?"

மகள் ஆர்டர் போட்டாள். பொருள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றாள். அதைக் கேட்டதும் இவள் முகம் தெளிந்தது. "அப்ப ஆளு வருவானா?" "வருவாரு." "அப்பச் சரி." மகளுக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சொல்லவில்லை.

பெட்டி வந்த அன்று மகள் வேலைக்குப் போயிருந்தாள். கச்சான் காற்று பலமாக அடித்தது, கடல் கலங்கல். கலங்கிய தண்ணியில் சங்கு தெரியாது. நான் வீட்டில் இருந்தேன். வந்தவர் என் வயது ஆள். தொந்தி. வேர்த்து வடிந்தது. வீடு கண்டுபிடிக்க ரொம்ப அலைந்திருக்கிறார். இவள் தண்ணி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள். பிறகு பெட்டியைத் தட்டினாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. எவ்வளவுன்னா குடுப்பிய?"

"போன்ல போட்டிருக்கதுதான் எக்கா."

"அது போன்ல. இப்ப நேர்ல வந்துட்டியள்லா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எக்கா, நான் கொண்டாரவன்தான். வெல என் கையில இல்ல."

"எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான். மொதலாளி வையுவாரும்பான்."

"எனக்கு மொதலாளி யாருன்னே தெரியாது எக்கா."

"மூடி லேசா இருக்கே."

"நான் தொறந்தே பாக்கல."

"தெரியாத பொருளையா விக்கிய?"

"அய்யோ, நான் விக்கல எக்கா!"

அவள் முந்தானையை இழுத்தாள்.

நான் எழுந்தேன். "வேண்டாம், வா" என்றேன். நடந்தேன். வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்த பிறகுதான் இது எங்கள் வீடு என்று உறைத்தது. கடைக்காரர் வீட்டுக்குள்ளே நிற்கிறார். வீட்டுக்காரன் வெளியே போகிறான். ஆனால் பாதியில் நிற்கக் கூடாது. போனேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "எங்க மாப்ள, வெறும் காலோட?" என்றார். "சும்மா" என்றேன்.

மாதா கெபி வரைக்கும் போயிருப்பேன். பின்னால் சத்தம் கேட்டது. பைக் கிளம்புகிற சத்தம்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். பின்னால் பெட்டி கட்டியிருந்தது. தலையை ஆட்டி, "வாரேன் அண்ணாச்சி" என்றார். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலில் நின்றாள்.

"வருவான்" என்றாள். "அம்மாம் பெரிய பெட்டியச் சொமந்துக்கிட்டு எவன் அலைவான்? அந்த முக்கு திரும்பதுக்குள்ள யோசிப்பான்."

முக்கு திரும்பினார். யோசிக்கவில்லை. மறுநாளும் அவள் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போனாள். கேஸ்காரர் வந்தார். தண்ணி கேன்காரர் வந்தார்.

மகளுக்கு அன்றே போனில் வந்துவிட்டது, வாங்குகிறவர் வேண்டாம் என்றுவிட்டார் என்று. அவள் போட்ட சத்தம் கரைக்குக் கேட்டிருக்கும்.

"யாரும்மா டெலிவரிக்காரர்ட்ட பேரம் பேசுவா?"

"அப்ப யாருட்டளா பேச? ஒரு ஆளக் காட்டு, பேசுதேன்."

"ஆளே கெடையாதும்மா. கம்ப்யூட்டர்."

"ஆளில்லாத கடையில என்னத்த வாங்க?"

"நீங்களாவது சொல்லக் கூடாதாப்பா?"

"நான் வெளிய போயிட்டேன்" என்றேன். அது உண்மைதான்.

அதற்கடுத்த நாள் மகள் போன் டிங் என்றது. பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள். நீங்கள் பார்த்த ஐஸ் பெட்டி விலை குறைந்திருக்கிறது, இப்போதே வாங்குங்கள் என்று இருந்தது.

இவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்துவிட்டாள்.

"பாத்தியா! கூப்பிடுதான் பாத்தியா! கம்ப்யூட்டராம்லா!"

"சரிம்மா. போடவா?"

"ரெண்டாந்தடவ கூப்பிடட்டும்."

மகள் அதற்குள் உள்ளே போய்த் தேதியைப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது. இனிமேல் ஆர்டர் போட்டால் விசைப்படகு இறங்கி ஒரு வாரம் கழித்துத்தான் பெட்டி வரும். இவள் கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்து மிச்சப் பாத்திரத்தை விளக்கினாள். பழைய பெட்டி மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

அதன்பிறகு அந்தப் போன் தினமும் கூப்பிட்டது. இவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

படகுகளில் ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் இறங்குகிறார்கள். அவள் அன்று மருந்துக்கடைக்கும் பழக்கடைக்கும் போனாள், பிளாஸ்டிக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வந்தாள். கூப்பிடாத கடைக்கு அவள் போக மாட்டாள். அது எனக்குத் தெரியும். அவள் மதியம் கண்ணயர்ந்தபோது நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சொல்லவில்லை.

கடைக்குள் போய் எனக்குப் பழக்கம் உண்டு. பேசித்தான் பழக்கம் இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"எக்கா எங்க?"

"வரல."

"பொறத்தால வாராவளோ?"

"இல்ல."

நம்பவில்லை. வெளியே வந்து தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன வேணும்?"

"ஐஸ் பெட்டி."

விலை சொன்னார். அன்றைக்குச் சொன்ன அதே விலை. சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ரூவா."

"அது தெரியுது. ஒண்ணும் கேக்காம நீட்டுதிய?"

"கேக்கத் தெரியாது."

"பெட்டியத் தட்டியாவது பாருங்க."

தட்டினேன்.

"எப்படி இருக்கு?"

"பெட்டி மாதிரி இருக்கு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரூபாயை வாங்கவில்லை. "நான் சொல்லும்போதே கொறைக்கதுக்கு எடம் வச்சுத்தான் சொல்லுவேன். அத முழுசா வாங்குனா எனக்கு ராத்திரி ஒறக்கம் வராது. நாளைக்கு எக்கா வந்து நின்னா நான் என்ன பதில் சொல்ல?" என்று அவரே கொஞ்சம் குறைத்தார்.

நான் நீட்டிய கையோடு நின்றேன். எவ்வளவை எடுத்துவிட்டுக் கொடுப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதற்கு நேரமாகும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைத்தார். கணக்கு மாறிவிட்டது. முதலிலிருந்து போட்டேன். அவர் இன்னும் ஒரு தடவை குறைத்தார்.

"இதுக்கு மேல முடியாது அண்ணாச்சி, நெசமா. எக்காவாவது பேசுவாவ, பதிலுக்குப் பேசலாம். ஒங்ககிட்ட என்னத்தப் பேச?"

"சரி" என்றேன்.

"அப்பாடா" என்றார்.

பெட்டி வாசலிலேயே இருந்தது, வாளிகளுக்கு நடுவில். மேலே தூசி. துண்டால் துடைத்துக்கொடுத்தார். "அன்னைக்கே உள்ள எடுத்து வைக்கல. வருவியன்னு பாத்தேன். போனைக் காட்டவும் எனக்கும் கொஞ்சம் இதாயிப் போச்சு." பிறகு மூடியைத் தட்டினார். "இது ஒடைஞ்சா முழுப் பெட்டி வாங்காதிய. மூடி மட்டும் தனியா இருக்கு. கொண்டாங்க."

வீட்டில் இறக்கி வைத்தேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"பொய்."

"நெசம்."

தட்டினாள். மோந்தாள். தண்ணி ஊற்றி வைத்து ஒழுகுகிறதா என்று கீழே கையை விட்டுத் தடவினாள். ஒழுகவில்லை. அதில் அவளுக்கு வருத்தம்தான்.

"என்ன சொல்லிக் கொறச்சிய?"

"ஒண்ணும் சொல்லல."

அதை அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அவன் கூப்பிட்டானா?"

"பெட்டிய வாசல்லயே வச்சிருந்தான். உள்ள எடுக்கலயாம்."

"அப்ப கூப்பிட்ட மாதிரிதான்" என்றாள். தண்ணியைக் கவிழ்த்தாள்.

படகு இறங்கிய மறுநாள் பெட்டி நிறைந்தது. விளமீன், சீலா, ஊளி. கனம். தூக்க ஆள் வேண்டும் என்று நானும் ஆட்டோவில் போனேன். வெயில் ஏறிவிட்டது. டீச்சர் வீட்டு வாசலில் இறக்கி மூடியைத் திறந்தாள். ஐஸ் புகைந்தது. டீச்சர் வந்து விளமீனை அமுக்கியது. விரல்தான் வலித்திருக்கும். விலை கேட்டது. இவள் சொன்னாள். டீச்சர், "அவ்வளவெல்லாம் குடுக்க முடியாதும்மா, வேண்டாம்" என்று உள்ளே போய் கேட்டைச் சாத்தியது.

தெருக்கோடியில் மைக் சத்தம் கேட்டது. பைக்குக்காரன் வந்துகொண்டிருந்தான். இவள் மூடியைப் போட்டாள். பெட்டிமேலேயே உட்கார்ந்தாள்.

"கூப்பிடேன்ளா" என்றேன் மெதுவாக.

"ஐஸ் இருக்கு. பேசாம நில்லுங்க."

பேசாமல் நிற்பது எனக்குத் தெரிந்த வேலை. நின்றேன். பைக்குக்காரன் எங்களைத் தாண்டிப் போனான். மைக் சத்தம் அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

கேட் திறந்தது. டீச்சர் வரவில்லை. டீச்சர் வீட்டுக்காரர் வந்தார். கையில் சட்டி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் அதிகம் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. சட்டியை நீட்டினார்.

இவள் எழுந்து மூடியைத் திறந்து ரெண்டு விளமீன் எடுத்துப் போட்டாள். சொன்ன விலைக்கு.